பில் சரியாக இருந்தால் போதாதா? வீடு, காப்பகம், வெள்ள நிவாரணம்: தணிக்கையில் எதைப் பார்க்கிறார்கள்

வந்த கேள்வி இது: "மதுரையில் மாநகராட்சிக்காக வீடற்றோர் காப்பகம் ஒன்றை நடத்தும் சிறிய அறக்கட்டளையில் கணக்கு எழுதுகிறேன். அடுத்த மாதம் தணிக்கை என்கிறார்கள். பில் எல்லாவற்றையும் தேதி வாரியாகக் கோத்து வைத்திருக்கிறேன். எங்கள் சொந்த ஊரில் தொகுப்பு வீட்டுக்கும் வெள்ள நிவாரணத்துக்கும்கூட ஆடிட் உண்டாமே? வருகிறவர்கள் உண்மையில் எதைப் பார்ப்பார்கள்? பில் சரியாக இருந்தால் போதாதா? அவர்களுக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்ய வேண்டுமா?"

போதாது. முப்பது வருடம் மதுரையைச் சுற்றி இந்த வேலையைப் பார்த்து ஓய்வு பெற்றவன் சொல்கிறேன், பில் பார்க்கிற வேலை முதல் நாள் காலை டீக்கு முன்பே முடிந்துவிடும். பணம் போனதற்குத்தான் பில் சாட்சி. போன பணம் யாரிடம் சேர்ந்தது, எந்த இடத்தில், அவர் எந்த நிலையில் இருந்தபோது சேர்ந்தது என்பதற்கெல்லாம் பில் சாட்சி சொல்லாது. அதற்கு இன்னொரு காகிதம் வேண்டும். அதுவும் நீங்கள் எழுதாத காகிதம். உங்களை யாரென்றே தெரியாத ஒருவர் வேறு ஏதோ வேலைக்காக எழுதி வைத்தது. விவரமான தணிக்கையாளர் உங்கள் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே அந்த இன்னொரு காகிதம் எங்கே இருக்கும் என்றுதான் யோசித்துக்கொண்டிருப்பார்.

யார் வருவார்கள் என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அறக்கட்டளைக்கு ஒரு பட்டயக் கணக்காளர் ஆண்டுக் கணக்கில் கையெழுத்துப் போடுவார். அது உங்கள் வீட்டுக் கணக்கு. மாநகராட்சி, ஊராட்சி ஒன்றியம், ஊராட்சி ஆகியவற்றின் கணக்கைப் பார்ப்பது மாநில அரசின் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை. 2014ஆம் ஆண்டில் அதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. இதற்கு மேலே நாங்கள் 'ஏ.ஜி. ஆடிட்' என்று சொல்லுகிற, இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சி.ஏ.ஜி.) கீழ் இயங்கும் தணிக்கை. அவருடைய 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் 14ஆவது பிரிவு ஓர் அளவு வைத்திருக்கிறது: ஒரு நிறுவனம் வாங்கிய மானியம் ஆண்டுக்கு 25 லட்சத்துக்குக் குறையாமலும், அதன் மொத்தச் செலவில் 75 சதவீதத்துக்குக் குறையாமலும் இருந்தால் அந்த நிறுவனத்தின் கணக்கையே அவர் பார்க்கலாம். சின்ன அறக்கட்டளைகள் பெரும்பாலும் இந்த வரம்புக்குள் வராது. "அப்பாடா" என்று பெருமூச்சு விடுவதற்குள் 15ஆவது பிரிவையும் படித்துவிடுங்கள். ஒரு குறிப்பிட்ட காரியத்துக்காக மானியம் கொடுத்திருந்தால், நிபந்தனைகள் நிறைவேறினவா என்பதைக் கொடுத்தவர் எப்படி உறுதி செய்துகொண்டார் என்று அந்தப் பிரிவின் கீழ் கேட்கலாம். கேள்வி மாநகராட்சிக்குப் போகும். மாநகராட்சி உங்கள் கோப்பைத்தான் எடுத்து நீட்டும். ஆகவே எந்த வாசல் வழியாக வந்தாலும் கடைசியில் உங்கள் மேஜைக்குத்தான் வருவார்கள்.

வாங்கிய மானியத்தை அதற்கே செலவழித்தோம் என்று எழுதிக் கொடுக்கிற பயன்பாட்டுச் சான்று என்று ஒன்று உண்டு. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின்படி நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் அதைக் கொடுக்க வேண்டும். மானியத்தில் வங்கி வட்டி வந்திருந்தால் அதுவும் அரசுக்குச் சேர வேண்டிய பணம்; மின் கட்டணத்துக்கு எடுத்துக்கொண்டோம் என்றால் தடை, அதாவது தணிக்கை ஆட்சேபணை, விழும். இந்தச் சான்றை வைத்துக்கொண்டு யாரும் ஏமாறுவதில்லை. மாவட்டத்திலிருந்து ஒன்றியத்துக்கு அனுப்பிய பணத்தையே 'செலவு' என்று காட்டிச் சான்று போய்விடும். பணம் ஒன்றியத்தின் வங்கிக் கணக்கில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருக்கும். தணிக்கைக்காரர் சான்றைப் படித்த கையோடு வங்கி பாஸ்புக்கைக் கேட்பது அதனால்தான்.

சரி, வீட்டுக்கு வருவோம். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

1985இல் தொடங்கிய இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டத்தை இன்றைக்கும் நம் பக்கம் 'தொகுப்பு வீடு' என்றுதான் சொல்கிறோம். 2016இல் அது பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டமாக மாறியது. சமவெளியில் ஒரு வீட்டுக்கு 1.20 லட்சம், மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற பங்கு. சமையலிடத்தையும் சேர்த்துக் குறைந்தது 25 சதுர மீட்டர் இருக்க வேண்டும். அந்தப் பணத்தில் மேல்தளம் போட முடியாது என்பதால் தமிழ்நாடு அரசு மேலே தனியாகக் கொடுத்தது; முதலில் 50,000, பிறகு 1.20 லட்சம். இதோடு நூறு நாள் வேலைத் திட்டத்தில் 90 நாள் கூலியும், கழிப்பறைக்கு 12,000 ரூபாயும் சேர்ந்தன. குடிசைக்குப் பதிலாக வீடு என்று 2024-25இல் மாநில அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத்தில் வீட்டுக்கு 3.50 லட்சம், 360 சதுர அடியில் 300 சதுர அடி கான்கிரீட் தளமாக இருக்க வேண்டும்.

இத்தனை இடத்திலிருந்து பணம் வருவது பயனாளிக்குத் தலைவலி. தணிக்கையாளருக்கு அது வரம், ஏனென்றால் ஒவ்வொரு பணத்துக்கும் ஒரு தனிப் பதிவேடு இருக்கிறது. வீட்டுக்குப் பணம் பேஸ்மென்ட், லிண்டல், ரூஃப், முடிவு என்று நான்கு கட்டமாக வரும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓவர்சீயர் அளந்து எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் எழுதுவார். சிமெண்டும் கம்பியும் ஒன்றியக் கிடங்கிலிருந்து போகும். அதற்கு இருப்புப் பதிவேடு. கூலிக்கு வருகைப் பட்டியல். இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையோடு போட்டோ. இந்த நான்கும் வெவ்வேறு கை எழுதியவை. பொய் சொல்வதாக இருந்தால் நான்கு பேரும் ஒரே நேரத்தில் ஒரே பொய்யைச் சொல்ல வேண்டும். நம் ஊரில் நான்கு பேரை ஒரு கல்யாணத்துக்கே ஒரே நேரத்தில் கிளப்ப முடிவதில்லை.

மதுரைக்கு மேற்கே ஓர் ஒன்றியத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வீட்டுக்குத் தளக் கான்கிரீட் போட்டதாக எம்-புக்கில் தேதி இருந்தது. கிடங்கின் இருப்புப் பதிவேட்டை எடுத்தால், அந்த வீட்டுக்கான தளத்துச் சிமெண்ட் அதற்கு மூன்று நாள் கழித்துத்தான் வெளியே போயிருக்கிறது. தளம் போட்டுவிட்டு அப்புறம் சிமெண்ட் வாங்கியிருக்கிறார்! சந்தேகம் வந்ததும் தாலுகா அலுவலகத்தின் மழைமானிக் குறிப்பை வாங்கிப் பார்த்தேன். எம்-புக்கில் எழுதிய அந்த நாள் ஊரெல்லாம் கொட்டித் தீர்த்த மழை. மழையில் யார் கான்கிரீட் போடுவார்கள்? கேட்டபோது ஓவர்சீயர் உண்மையைச் சொல்லிவிட்டார். மாதக் கடைசியில் இலக்குக் காட்ட வேண்டியிருந்தது. ஐந்தாறு வீட்டுக்கு முன்கூட்டியே எழுதிவிட்டார். வீடு பிறகு உண்மையிலேயே கட்டப்பட்டிருந்தது. யாரும் ஒரு ரூபாய் எடுக்கவில்லை. ஆனாலும் நான் அதைக் குறையாகத் தணிக்கை அறிக்கையில் ஒரு பத்தி எழுதினேன். காரணம், அதே பழக்கத்தில் எழுதப்பட்ட ஆறாவது வீட்டுக்கு லிண்டலுக்கு மேல் ஒரு செங்கல்கூட ஏறவில்லை, தளத்துக்கான பணம் மட்டும் போயிருந்தது.

போட்டோவைப் பற்றி ஒரு வார்த்தை. செல்போனில் இருப்பிடத்தோடு படம் எடுத்து ஏற்றும் முறை வந்த பிறகு திருட்டே ஒழிந்துவிட்டது என்று நினைக்கிறவர்கள் உண்டு. குறைந்திருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் படம் எடுக்கிறவர் எங்கே நிற்கிறார் என்பதைத்தான் கருவி சொல்லும். எதிரே இருப்பது யாருடைய வீடு என்று அதற்குத் தெரியாது. அண்ணன் தம்பி வீடுகள் ஒரே சுவரைப் பகிர்ந்து நிற்கிற ஊரில் ஐந்தடி தள்ளி நின்றால் தம்பி வீடு அண்ணன் வீடாகிவிடும். நான் படங்களை வரிசையாக அடுக்கிவைத்து வீட்டைப் பார்க்காமல் பின்னணியைப் பார்ப்பேன். ஒரே வேப்பமரம், ஒரே கிளையில் தொங்குகிற ஒரே பழைய டயர், மூன்று பயனாளிகளின் படத்தில் வந்தால் அன்றைக்கு மத்தியானம் அந்த ஊருக்குக் கிளம்பிவிட வேண்டியதுதான்.

போய்ப் பார்த்தால் எப்போதும் திருட்டுதான் இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். இன்னொரு ஊரில் ஒரு வீட்டுக்குப் போனேன். கோப்பில் எல்லாம் சுத்தம். வீடு முடிந்து, திட்டத்தின் பெயரைச் சுவரில் எழுதி, வெள்ளையடித்து நிற்கிறது. வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள். உள்ளே மகன், மருமகள், பிள்ளைகள். பயனாளி யார் என்றால் எழுபது வயதைத் தாண்டிய அம்மா. "அம்மா எங்கே?" என்றேன். வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார்கள். பழைய கூரைக் கொட்டகை, மூன்று பக்கம் மண்சுவர், ஒரு கயிற்றுக் கட்டில். அங்கே உட்கார்ந்து அந்த அம்மா புளி ஆய்ந்துகொண்டிருந்தது. எனக்கு உள்ளுக்குள் கோபம் ஏறியது. "உங்கள் பெயரில் வந்த வீட்டில் நீங்கள் ஏன் இல்லை?" என்று கேட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மழை பெய்ஞ்சா உள்ள போவேன் சாமி. மத்த நாளு அந்தக் கான்கிரீட்டுக்குள்ள யாரு வேகுறது? இங்க காத்து வருதுல்ல" என்றது.

மகனிடம் கேட்டால், அரசுப் பணம் அடித்தளத்துக்கும் சுவருக்கும் சரியாகப் போயிற்று, மேற்கொண்டு ஒன்றரை லட்சம் வட்டிக்கு வாங்கித்தான் முடித்தேன் என்கிறார். அவர் போடாவிட்டால் அந்த வீடு லிண்டலோடு நின்றிருக்கும். நம் மாவட்டத்தில் நின்றுபோன வீடுகளைப் பார்த்தால் பாதிக்கு மேல் இப்படிக் கைக்காசு தீர்ந்து நின்றவைதான் என்பது என் அனுபவம். இப்போது சொல்லுங்கள், இது முறைகேடா? தகுதியுள்ளவர் பெயரில் வீடு, தகுதியில்லாதவர் குடியிருப்பு என்று நான்கு வரி எழுதி 'வசூலிக்கத்தக்கது' என்று முடிக்கலாம். வசூல் யாரிடம்? அந்த அம்மாவிடம். நான் எழுதவில்லை. நேரில் பார்த்ததைக் குறிப்பாக மட்டும் எழுதி, பயனாளி அதே வளாகத்தில் குடியிருக்கிறார் என்று முடித்தேன். என் மேலதிகாரி அதைப் படித்துவிட்டு, "கட்டிலின் நீள அகலத்தையும் எழுதியிருக்கலாமே" என்றார்.

விதி தெரிந்தால் இந்த வேலையில் பாதிதான் தெரியும் என்று சொல்லவே இதை இவ்வளவு விரிவாக எழுதினேன். பட்டா மாமனார் பெயரில் இருக்கிற விதவைக்கு வீடு கொடுத்தது தவறு என்று எழுதுவது சுலபம். மாமனார் செத்துப் பதினைந்து வருடமாகியும் வாரிசுச் சான்று வாங்கிப் பட்டாவை மாற்ற முடியாமல் அவர் ஏன் அலைகிறார் என்று எழுதுவதற்குப் படிவத்தில் இடம் கிடையாது.

நகரத்து வீடுகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்பின் அடுக்குமாடிகளில் கேள்வி ஒன்றேதான்: ஒதுக்கீடு வாங்கியவரே குடியிருக்கிறாரா? பதிலைத் தெரிந்துகொள்ள மின் இணைப்பின் பெயரையும், அருகிலிருக்கும் ரேஷன் கடையின் அட்டைப் பட்டியலையும் பார்த்தால் போதும்.

வெள்ள நிவாரணம் வேறு மாதிரி. அங்கே காகிதம் குறைவு, அவசரம் அதிகம். அது நியாயம்தான், இடுப்பளவு தண்ணீரில் நிற்பவரிடம் மூன்று நகல் கேட்க முடியாது. பணம் பெரும்பாலும் மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து வருகிறது. 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் அமைந்த நிதி அது. நம்மைப் போன்ற மாநிலங்களுக்கு மத்திய அரசின் பங்கு 75 சதவீதம், மாநிலத்தின் பங்கு 25. எதற்கு எவ்வளவு என்று நெறிமுறை இருக்கிறது. 2022-26க்கான நெறிமுறைப்படி சமவெளியில் வீடு முழுதாக இடிந்தால் 1.20 லட்சம். காரை வீடு 15 சதவீதமாவது சேதமானால் 6,500. மண்சுவர் போன்ற கச்சா வீடு அதே அளவு சேதமானால் 4,000. குடிசை என்றால் 8,000.

இந்த எண்களை இன்னொரு முறை பாருங்கள். ஒரே மண்சுவர் விழுந்திருக்கிறது. 'முழுச் சேதம்' என்று எழுதினால் 1.20 லட்சம், 'பகுதிச் சேதம்' என்று எழுதினால் 4,000, 'குடிசை' என்று எழுதினால் 8,000. பணத்தை நிர்ணயிப்பது தண்ணீர் இல்லை, கிராம நிர்வாக அலுவலர் பட்டியலில் எழுதுகிற அந்த ஒரு சொல். ஆகவே தணிக்கை போக வேண்டிய இடமும் அந்தச் சொல்தான். ஒரு தெருவில் எல்லாமே முழுச் சேதம், அடுத்த தெருவில் எல்லாமே பகுதிச் சேதம் என்றால் வெள்ளம் தெரு பார்த்தா வந்தது? வீட்டு வரி ரசீதில் அந்தக் கட்டடம் ஓட்டு வீடா, கூரையா என்று வெள்ளத்துக்கு முன்பே எழுதியிருக்கும். அதுதான் நான் சொன்ன இன்னொரு காகிதம்.

2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களை மழை புரட்டிப் போட்டபோது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது, கடுமையாகப் பாதித்த பகுதிகளில் குடும்பத்துக்கு 6,000 ரூபாயை ரேஷன் கடை வழியாகக் கொடுத்தார்கள். ரேஷன் அட்டை இருப்பவருக்குப் பணம் என்பது வேகத்துக்குச் சரியான வழி. ஓர் அட்டைக்கு ஒரு முறை என்று இயந்திரமே பிடித்துக்கொள்ளும். அட்டை இல்லாமல் வாடகைக் குடிசையில் இருந்தவர்? அட்டை சொந்த ஊரில், ஆள் பிழைப்புக்கு வந்த ஊரில்? பணம் இரண்டு முறை போனதைப் பதிவேடு காட்டிக்கொடுத்துவிடும். ஒருவருக்குப் போகாமல் இருந்ததை எந்தப் பதிவேடும் காட்டாது. தணிக்கையின் பெரிய குருட்டுப் புள்ளி இது. நானும் என் காலத்தில் அதிகம் கண்டுபிடித்தது தவறாக வாங்கியவர்களைத்தான்.

நம் ஊருக்கே வருவோம். 2024 அக்டோபர் கடைசியில் பெய்த மழையில் செல்லூர் கண்மாய் நிறைந்து பந்தல்குடி கால்வாயை ஒட்டிய தெருக்களில் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்தது நினைவிருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் நிவாரணப் பட்டுவாடாவை மட்டும் தணிக்கை செய்தால் அது அரை வேலைதான். கண்மாயின் மறுகால் எங்கே போகிறது, கால்வாயைத் தூர் வாரியதாக அதற்கு முந்தைய வருடங்களில் எத்தனை பில் எழுதியிருக்கிறது, அள்ளிய மண்ணை எந்த லாரி எங்கே கொட்டியது என்றெல்லாம் கேட்க வேண்டும். சென்னையின் 2015 வெள்ளத்தைப் பற்றி 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட சி.ஏ.ஜி. அறிக்கை அதைத்தான் செய்தது. நிவாரணத்தோடு நிற்காமல் ஏரி நீர் திறப்பையும் ஆக்கிரமிப்பையும் பார்த்து, இது மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்று எழுதியது. தூர் வாரும் பில்லைப் பற்றி ஒரு சின்ன உபாயம்: வேலை நடந்த நாள்களில் கண்மாயில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று கேளுங்கள். நிறைந்த கண்மாயில் மண் அள்ளினேன் என்கிற பில்லைப் பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் காப்பகம். உங்களுக்கு உடனே வேண்டியது இதுதான், நான்தான் ஊர் சுற்றிவிட்டு வருகிறேன்.

உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல் கொடுத்த உத்தரவுகளுக்குப் பிறகுதான் நகர்ப்புற வீடற்றோருக்கான காப்பகங்கள் நாடு முழுக்க வேகம் பிடித்தன. பிறகு தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தில் அதற்கென்று ஒரு பகுதியே வந்தது. ஒரு லட்சம் பேருக்கு ஒரு நிரந்தரக் காப்பகம், ஒன்றில் 50 முதல் 100 பேர், ஆளுக்கு 50 சதுர அடி, வருடம் முழுக்க இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும் என்பது அந்த இயக்கம் வைத்த அளவு. விரிவாக்கிய மாநகராட்சி எல்லைக்கு 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 14.7 லட்சம். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், மதுரைக்குப் பதினான்கு வேண்டும். கட்டிய காப்பகங்களின் நிலையையும் செலவையும் பார்க்க 2016இல் உச்ச நீதிமன்றமே நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில் ஒரு குழுவைப் போட வேண்டியிருந்தது.

உங்கள் கோப்பில் தணிக்கையாளர் முதலில் கேட்பது தங்கியோர் வருகைப் பதிவேடு. அதில் அவர் தேடுவது ஏற்ற இறக்கம். தினமும் 50, 50, 50 என்று இருந்தால் முடிந்தது கதை. மனிதர்கள் அப்படி வந்து படுப்பதில்லை. முகூர்த்த நாளில் மண்டபத்துப் பக்கம் போய்விடுவார்கள். அமாவாசைக்கு முந்தைய இரவு ராமேசுவரம் வண்டியில் ஏறிவிடுகிறவர்கள் உண்டு. சித்திரைத் திருவிழாவில் அழகரை ஊர் எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை இரவு எப்படி இருக்கும்? ஊரே தெருவில், மண்டகப்படிக்கு மண்டகப்படி புளியோதரையும் பானகமும். அன்றைக்குக் காப்பகத்தில் யார் இருப்பார்கள்? எழுந்து நடக்க முடியாதவர்கள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். ஒரு காப்பகத்தின் பதிவேட்டில் அந்த இரவுக்கும் ஐம்பது கையெழுத்து இருந்ததைப் பார்த்தேன். வேறு எதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்தது அரிசி. ஆளுக்கு இரவுச் சாப்பாட்டுக்கு 120 கிராம் அரிசி என்று வைத்தால் ஐம்பது பேருக்கு 6 கிலோ, மாதம் 180 கிலோ. நீங்கள் 180 கிலோவுக்குக் கைச்சாத்து வைத்திருப்பீர்கள், அதுவும் சரியாக இருக்கும். தணிக்கையாளர் கேஸ் சிலிண்டர் எத்தனை நாளைக்கு ஒன்று மாறியது, தண்ணீர் லாரி எத்தனை நடை வந்தது என்று பார்ப்பார். 180 கிலோ வெந்திருந்தால் அதற்கான கேஸ் எரிந்திருக்க வேண்டும். ஐம்பது பேர் குளித்திருந்தால் அதற்கான தண்ணீர் வந்திருக்க வேண்டும். இவை ஒன்றோடொன்று ஒத்துப்போனால் பில்லில் ஒரு கையெழுத்து விட்டுப்போனதைக்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். நான் எடுத்துக்கொண்டதில்லை.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது: காலிப் படுக்கையைக் காலி என்றே எழுதுங்கள். எண்ணிக்கை குறைந்தால் மானியம் குறையும் என்று பயந்துதான் ஐம்பதாக்குகிறார்கள். குறைந்ததற்குக் காரணத்தை அன்றைக்கே ஓரத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் அது தடையாகாது. பெரியார் பேருந்து நிலையத்திலோ, ரயிலடியிலோ, பெரியாஸ்பத்திரி வாசலிலோ இரவு சுற்று போகிறீர்கள் என்றால் எத்தனை மணிக்கு, யார் போனார்கள், எத்தனை பேரைக் கூப்பிட்டீர்கள், எத்தனை பேர் வர மறுத்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். வர மறுத்தவர் எண்ணிக்கையை யாரும் எழுதுவதில்லை. எழுதியிருக்கும் நோட்டை நான் உடனே நம்பிவிடுவேன், கற்பனையாக எழுதுகிறவனுக்கு அது தோன்றவே தோன்றாது. ஆதார் இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள். ரேகை, அங்க அடையாளம், யார் கொண்டுவந்து விட்டார்கள் என்பது போதும். போலீஸ்காரர் கொண்டுவந்தால் நிலையத்தின் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். அங்கேயும் ஒரு பதிவு இருக்கும். யாராவது இறந்துவிட்டால் அந்தத் தேதியோடு பெயரை அடித்துவிடுங்கள். இதைச் சொல்லும்போது எனக்கே சங்கடமாக இருக்கிறது, ஆனால் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அங்கே இறந்தவர் பெயருக்கு நேரே அடுத்த மூன்று வாரம் கையெழுத்து இருந்ததைப் பார்த்திருக்கிறேன். பெரிய திருட்டெல்லாம் இல்லை. காப்பாளர் மாதக் கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து எழுதுகிற பழக்கம்.

தடை வந்தால் கலங்காதீர்கள். முதலில் விளக்கம் கேட்டு ஒரு தாள் வரும். அன்றைக்கே பதில் எழுதிவிட்டால் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். தீராதது தணிக்கை அறிக்கையில் பத்தியாக ஏறும். பிறகு கூட்டமர்வு என்று கூப்பிட்டு, ஆதாரம் காட்டினால் நிவர்த்தி செய்வார்கள். இதற்குள் எழுதியவர் மாறியிருப்பார், பதில் சொல்ல வேண்டியவரும் மாறியிருப்பார், பழைய பத்தி மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கும். பெரிய விஷயங்கள் ஏ.ஜி. அறிக்கையில் வந்தால் ஆளுநர் வழியாகச் சட்டமன்றத்துக்குப் போய் பொதுக் கணக்குக் குழுவில் விசாரணைக்கு வரும். உங்கள் அரிசி அவ்வளவு தூரம் போகாது.

இதெல்லாம் கண்துடைப்பு என்று சொல்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது? பாதி உண்மை. அலுவலக மேஜையில் உட்கார்ந்து கோப்பைப் பார்த்துவிட்டுப் போகிற தணிக்கை அந்த மேஜையில் எழுதியதைத்தான் கண்டுபிடிக்கும். வீட்டுத் திட்டத்துக்கும் நூறு நாள் வேலைக்கும் சமூகத் தணிக்கை என்று வைத்தார்களே, பயனாளிப் பட்டியலைக் கிராம சபையில் சத்தமாகப் படிக்க வேண்டும் என்று, அதை நான் ஏ.ஜி. ஆடிட்டைவிடக் கூர்மையானது என்பேன், ஒழுங்காக நடந்தால். ஊர்க்காரர்களுக்கு எம்-புக் வேண்டாம். அந்தப் பெயரைப் படித்ததும் பின்வரிசையில் யாராவது சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று குறித்துக்கொள்வதுதான் அங்கே வேலை. ஆனால் பட்டியலில் பேர் விட்டுப்போனவர் அந்தக் கூட்டத்துக்கு வந்து பேச வேண்டும் என்றால் ஒரு நாள் கூலியை விட வேண்டும். காப்பகத்தில் படுக்கிறவருக்கோ கிராம சபையும் கிடையாது. அவருக்கு இருப்பது நீங்கள் எழுதுகிற அந்தப் பதிவேடு ஒன்றுதான்.

அப்புறம் சாப்பாடு. வேண்டாம். டீ கொடுங்கள், கூட இரண்டு வடை இருந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மத்தியானம் அவர்களே வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். வராமல் உங்கள் காப்பகத்துச் சாப்பாட்டையே ஒருவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டால் அதுவும் தணிக்கைதான் என்று புரிந்துகொள்ளுங்கள். நான் அப்படிச் சாப்பிட்டிருக்கிறேன், சாம்பார் எவ்வளவு தண்ணீராக இருக்கிறது என்று பார்ப்பதற்காக. ஒரே ஒரு ஏற்பாடு அவசியம். பதிவேடு வைத்திருக்கும் பீரோவின் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் அன்றைக்கு லீவு போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.